36 வயதில் ரோக்லிச் இன்னொரு மூன்று வாரப் பந்தயம் ஜெயிப்பாரா?

கேள்வி இதுதான். ஸ்லோவேனியாவின் சைக்கிள் பந்தய வீரர் பிரிமோஸ் ரோக்லிச்சுக்கு 2025 அக்டோபரில் 36 வயது முடிந்தது. ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுயெல்டாவை நான்கு முறை, இத்தாலியின் ஜிரோவை ஒரு முறை ஜெயித்தவர். இனி இன்னொரு மூன்று வாரப் பந்தயம் அவருக்குக் கிடைக்குமா? போடிமெட்டு உச்சியில், செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளா பக்கம் இருக்கும் டீக்கடையில் கம்பத்துத் தம்பி ஒருவர் கேட்டார். திராட்சைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, 24 வயது. கேட்ட கையோடு பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "அவரு கதை முடிஞ்சு போச்சுண்ணே." உடனே குமுளியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர், கிட்டத்தட்ட என் வயதுக்காரர், "யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா தம்பி" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூடுபனியில் டீ ஆறிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

டூர் டி பிரான்ஸ் கிடைக்காது. வுயெல்டா கிடைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஒரு வாரப் பந்தயம் என்றால் இன்றைக்கும் அவரை நம்பலாம். மூன்றுக்கும் பதில் ஏன் வேறுவேறு என்று சொல்லத்தான் நேரமாகும்.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. ஒரு ஜனவரியில் நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் மூன்று நாள் சுற்று போனோம். எனக்கு 47 வயது. முதல் நாள் போடியிலிருந்து முந்தல், போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு. முந்தலைத் தாண்டும்போது இன்னும் விடியவில்லை. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்தன. (அந்த ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே மலை ஏறும் வீரரும் எங்கள் குழுவில் உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.) 17 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் நாலைந்தைத் தம்பி விரட்டி ஏறினார். நான் என் போக்கில் போனேன். பன்னிரண்டாவது வளைவில் அவரைப் பிடித்தேன்; உச்சிக்கு அவருக்கு மூன்று நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அன்று ராத்திரி மூணாறில் சாப்பாட்டு மேசையில் என் புகழ்தான்.

இரண்டாம் நாள் சாந்தன்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளி. ஏற்றமும் இறக்கமுமாக நாள் முழுக்க. யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கம்பம் வந்து, அங்கிருந்து கம்பம்மெட்டு ஏற்றம். ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தம்பி பெடல் மேல் எழுந்து நின்று ஒரு இழுப்பு இழுத்தார். ஒட்டிக்கொண்டேன். அரை நிமிடம் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எனக்குக் கால் வலியும் இல்லை, பெரிய மூச்சிரைப்பும் இல்லை. ஆனாலும் வண்டி நகரவில்லை. முதல் நாள் 171 வரை போன இதயத் துடிப்பு, அன்றைக்குக் கைக்கடிகாரத்தில் 152-ஐத் தாண்டவே மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தும் இழுக்காத லாரி மாதிரி நின்றேன். அவர் வளைவில் திரும்பி மறைந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகரிகம் தெரிந்த பிள்ளை.

முதல் நாள் மட்டும் பார்த்தவர் யாரும் என்மேல்தான் பந்தயம் கட்டியிருப்பார். வயது மலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. மறுநாள், அதற்கும் மறுநாள் தெரிகிறது. அப்போதும் ஒரே வேகத்தில் ஏறும்போது தெரியாது. எதிராளி இரண்டாம் முறை இழுக்கும்போது தெரியும்.

உடம்பின் கணக்கைப் பார்ப்போம். மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோகும் உச்சத் திறன் முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கும் என்பார்கள். விடாமல் பயிற்சியில் இருப்பவருக்கு அதில் பாதிதான் இறங்கும். சரி, 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் வேகம் கிட்டத்தட்ட பலத்துக்கு நேர் விகிதம். நாற்பது நிமிட ஏற்றத்தில் 5 சதவீதம் என்றால் இரண்டு நிமிடம். டூரில் ஒரே மலையில் இரண்டு நிமிடம் இழந்தவர், அன்றோடு முதலிடக்காரர் போடும் மஞ்சள் ஜெர்சியை மறந்துவிட வேண்டியதுதான். பழைய சாம்பியன்கள் இந்த 5 சதவீதத்தை வேறு இடங்களில் ஈடுகட்டுவார்கள்: கூட்டத்துக்குள் சரியான இடத்தில் நிற்பது, காற்றுக்கு மறைவது, சாப்பாடு, டைம் ட்ரையல் (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது). தூக்கத்தில் மட்டும் ஈடுகட்ட முடியாது. 25 வயதுக்காரர் ஒரு ராத்திரியில் மீள்வதை 36 வயதுக்காரர் ஒன்றரை ராத்திரியில் மீள்கிறார் என்று வைத்தால், 21 நாளில் அந்த அரை ராத்திரிகள் கடனாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ரோக்லிச்சின் 2025-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். மார்ச்சில் கத்தலோனியா சுற்று, ஏழு நாள் பந்தயம். கடைசி நாள் பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக் குன்றில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய், முன்னால் இருந்த ஹுவான் அயுசோவிடமிருந்து பந்தயத்தைப் பிடுங்கினார். அயுசோ அப்போது இருபத்திரண்டு வயதுப் பையன். அன்றைய ரோக்லிச்சைப் பார்த்தவர் எவரும் 'முடிஞ்சு போச்சு' என்று சொல்லியிருக்க மாட்டார். மே மாதம் ஜிரோ. (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்; எல்லாக் கட்டத்து நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார்.) சியனாவின் மண் சாலைக் கட்டத்தில் நேரம் போனது, அடுத்தடுத்து விழுந்து எழுந்தார், 16-வது கட்டத்தில் மறுபடி விழுந்து வீடு திரும்பினார். ஜூலையில் டூர், எட்டாவது இடம். அதே மனிதர், அதே வருடம். ஏழு நாளுக்குப் போதுமான பெட்ரோல் இருபத்தொரு நாளுக்கு வரவில்லை.

எட்டாவது இடம் என்றால் கேவலம் என்று நினைக்க வேண்டாம். 2020-க்குப் பிறகு அவர் கடைசி நாள் வரை ஓட்டி முடித்த முதல் டூர் அதுதான். 2021-இல் விழுந்து விலகினார். 2022-இல் தோள்பட்டை விலகி, அதைத் தானே மறுபடி பொருத்திக்கொண்டு ஓட்டி, பின்பு விலகினார். 2024-இலும் விழுந்துதான் விலகல். இத்தனை விழுவதற்கும் வயதுக்கும் சம்பந்தம் உண்டா என்று தம்பி கேட்டார். பெரிதாக இல்லை. அவர் முப்பதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தார். பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்துவிட்டு இருபது வயதைத் தாண்டிச் சைக்கிளுக்கு வந்தவர். சிறு வயதிலிருந்தே கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு வரும் அந்த முதுகுக்கண் அவருக்கு முழுசாக வரவில்லை என்பது என் எண்ணம். வயது என்ன செய்கிறது என்றால், விழுந்த இடத்தை ஆற்றுவதை மெதுவாக்குகிறது. 2021-இல் டூரில் விழுந்தவர் சில வாரங்களிலேயே டோக்கியோ ஒலிம்பிக்கில் டைம் ட்ரையல் தங்கம் வாங்கினார். அப்போது வயது 31. அந்த வேகத்தில் 36 வயது உடம்பு ஆறாது.

இனி குமுளி நண்பரின் யானைக் கணக்கு. அவர் வரிசையாகப் பெயர்களை அடுக்கினார், எல்லாமே உண்மைதான். கிறிஸ் ஹார்னர் 2013-இல் 41 வயதில் வுயெல்டா ஜெயித்தார். மூன்று பெரிய பந்தயங்களிலும் சேர்த்து அவரைவிட வயதான வெற்றியாளர் கிடையாது. அலெஹாந்த்ரோ வால்வெர்டே 38 வயதில் உலக சாம்பியன். 39 வயதில் 2019 வுயெல்டாவில் இரண்டாம் இடம். (அவரை இரண்டாவதாக்கியவர் நம் ரோக்லிச்தான்.) ரேமோன் புலிடோர் 1976 டூரில் 40 வயதில் மூன்றாம் இடம். கெரைன்ட் தாமஸ் 37 வயதில் ஜிரோவில் இரண்டாம் இடம், மறுவருடம் மூன்றாம் இடம்.

இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். மூன்று வாரப் பந்தயத்தில் ஹார்னர் ஒருவரை விட்டால் இரண்டாம் இடம், மூன்றாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். வயதானவர்களுக்கு மேடை கிடைக்கிறது, நடுப்படி பெரும்பாலும் கிடைப்பதில்லை. இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு ஒரே சீராக ஓட்டி, கெட்ட நாள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். அது அனுபவசாலியின் வேலை. முதலிடத்துக்கு மட்டும்தான் யாரையாவது பின்னால் விட்டுப் போக வேண்டும், அல்லது விட்டுப் போகிறவரைத் துரத்த வேண்டும். கம்பம்மெட்டில் என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.

டூரை எடுத்தால் இன்னும் கடினம். அதை ஜெயித்தவர்களில் மூத்தவர் இன்றைக்கும் பெல்ஜியத்தின் ஃபிர்மின் லாம்போ, 1922-இல் 36 வயது. அதுவும் ஒரு கட்டம்கூட ஜெயிக்காமல். முன்னால் இருந்த ஹெக்டர் ஹியூஸ்கெம் விழுந்து சைக்கிளை மாற்றியதற்கு ஒரு மணி நேரம் அபராதம் போட்டதில் வந்த வெற்றி. ரோக்லிச் இனி ஒரு டூர் ஜெயித்தால் நூறு வருடத்துக்கும் மேலான அந்தப் பதிவு உடையும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எடுத்துக்கொண்டால் மூத்தவர் கேடல் எவன்ஸ், 2011-இல் 34. கடைசிக்கு முந்தின நாள் டைம் ட்ரையலில் ஆண்டி ஷ்லெக்கிடமிருந்து 57 வினாடி வித்தியாசத்தை அடித்துப் பிடித்தார். 2020-இல் ரோக்லிச் அதே மாதிரி கடைசிக்கு முந்தின நாள் டைம் ட்ரையலுக்கு முன் தாதேய் பொகாச்சரைவிட எத்தனை வினாடி முன்னால் இருந்தார் தெரியுமா? அதே 57. அன்று பொகாச்சர் அதைத் தாண்டி டூரையே ஜெயித்துவிட்டார். ஒருவருக்குக் கொடுத்த எண் இன்னொருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அந்தச் சாயங்காலம் போடியில் ஃபோனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

ஹார்னர் எப்படி ஜெயித்தார் என்பதில்தான் நான் சொன்ன நிபந்தனை இருக்கிறது. அந்த வருடம் வசந்த காலத்திலேயே முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் பந்தயமே ஓட்டவில்லை. ஆகஸ்டில் வுயெல்டாவுக்கு வந்தபோது மற்றவர்கள் வருடம் முழுக்க ஓட்டிச் சோர்ந்திருந்தார்கள், இவர் கால் புதிது. இப்போது ரோக்லிச்சின் வெற்றிகளைப் பாருங்கள். 2021 வுயெல்டா ஜெயித்த வருடம் டூரிலிருந்து முதல் வாரத்தோடு விலகியிருந்தார். 2024 வுயெல்டா ஜெயித்த வருடம் டூரிலிருந்து 12-வது கட்டத்தோடு விலகல், முதுகெலும்பில் அடி. வலியோடுதான் வந்தார், ஆனாலும் அரை டூர் பாக்கி வைத்த கால்கள். அங்கே பென் ஓ'கானர் ஆறாவது கட்டத்தில் தப்பித்துப் போய் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான முன்னிலை எடுத்தபோது ரோக்லிச் பதறவில்லை. நாளுக்குக் கொஞ்சமாக அரித்து அரித்து, 19-வது கட்டத்தில் மோன்கால்வில்யோ ஏற்றத்தில் வுயெல்டாவில் முதலிடக்காரர் போடும் சிவப்பு ஜெர்சியை வாங்கி, கடைசியில் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் முடித்தார். ஆக, என் நிபந்தனை: அந்த வருடம் ஜிரோவும் வேண்டாம், டூரும் வேண்டாம். ஆகஸ்ட் வரை ஒரு வாரப் பந்தயங்கள் மட்டும். அப்படி வந்தால் வுயெல்டாவில் அவருக்கு வாய்ப்பு உண்டு. அதிலும் டூர் சாம்பியன்களான பொகாச்சரோ ஜோனாஸ் விங்ககார்டோ முழு பலத்தோடு வந்துவிட்டால் இந்த வரியை அழித்துவிடுங்கள்.

வுயெல்டா ஏன் இவருக்குத் தோதானது என்பதற்கு இன்னொரு காரணம், அந்தப் பந்தயத்தின் மலைகள். ஆல்ப்ஸ் மாதிரி நாளெல்லாம் நாலு பெரிய மலை என்பதைவிட, கடைசியில் குட்டையான செங்குத்து ஏற்றம் வைத்து முடிக்கும் கட்டங்கள் அங்கே அதிகம். போடிமெட்டு சாலை மாதிரி நிதானமாக வளைந்து வளைந்து ஏறுவது இல்லை, மாட்டு வண்டிப் பாதைக்குத் தார் போட்ட மாதிரி நேரே மேலே போகும். அந்த மாதிரி முடிவில் கடைசி முந்நூறு மீட்டருக்கு எழுந்து நின்று பாய்வதுதான் ரோக்லிச்சின் சொத்து. ஒவ்வொரு தரமும் சில வினாடி, கூடவே கட்டத்தில் முன்னால் வந்தவர்களுக்கு நேரத்தில் கழித்துக் கொடுக்கும் போனஸ் வினாடி. சிறுவாடு சேர்க்கிற மாதிரிச் சேர்ப்பார்.

2023 ஜிரோவையும் அவர் அப்படித்தான் எடுத்தார். கடைசிக்கு முந்தின நாள் மோன்டே லுஸ்ஸாரி மலை மேல் டைம் ட்ரையல், தாமஸ் 26 வினாடி முன்னால். ஏற்றத்தின் நடுவில் ரோக்லிச்சுக்குச் செயின் கழன்றது. இறங்கி, மாட்டி, ஏறினால் அந்தச் சரிவில் வண்டி நகராது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து தள்ளிவிட்டார். அவர் ரோக்லிச்சோடு பனிச்சறுக்குத் தாண்டல் அணியில் இருந்த பழைய கூட்டாளி! அத்தனைக்குப் பிறகும் 40 வினாடி அடித்து, மொத்தத்தில் 14 வினாடியில் ஜெயித்தார். தாமஸுக்கு இரண்டு நாள் முன்புதான் 37-வது பிறந்தநாள் முடிந்திருந்தது. அவர் ஜெயித்திருந்தால், 1955-இல் 34 வயதில் ஃபியொரென்ஸோ மாஞி வைத்த 'ஜிரோவின் மூத்த வெற்றியாளர்' பதிவு அன்றோடு போயிருக்கும்.

கம்பத்துத் தம்பியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அவர் அதைச் சரியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் இளைஞர் ஒருவர் அணிக்கு வந்தால் சில வருடம் மூத்தவருக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்து, காற்றில் முன்னால் நின்று, பந்தயத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார். அந்தப் படிப்புதான் மூத்தவரின் மூலதனம். இப்போது 18 வயதிலேயே பெடல் பலத்தை அளக்கும் வாட் மீட்டர், உணவு நிபுணர், மலை முகாம். எந்த மலையில் எத்தனை வாட்டில் எத்தனை நிமிடம் தாங்கலாம் என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். மிச்சத்தை அணி இயக்குநர் காதுக்குள் ரேடியோவில் சொல்லிவிடுகிறார். பதினைந்து வருடம் ஓட்டிக் கற்றது இப்போது காது வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. பொகாச்சர் தன் முதல் டூரை ஜெயித்தது 22-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள். அதற்கு முந்தின வருடம் ஜெயித்த எகான் பெர்னாலுக்கும் 22 வயதுதான். வேகமும் சேர்ந்து ஏறிவிட்டது. பிளாட்டோ தெ பெய் மலையில் மார்கோ பந்தானி 1998-இல் வைத்த நேரத்தைப் பொகாச்சர் 2024-இல் மூன்று நிமிடத்துக்கும் மேல் முந்தினார். ரோக்லிச் தன் முப்பது வயது உடம்பை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாலும் டூரில் இன்றைக்கு அது மூன்றாம் இடத்துக்குத்தான் காணும் என்பது என் கணிப்பு.

அணி விஷயமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 டூரில் ரோக்லிச் எட்டாவது வந்தபோது அவருடைய அணியிலேயே இருக்கும் ஃப்ளோரியான் லிபோவிட்ஸ், 24 வயது, மூன்றாவது வந்தார். 2026-க்கு ஒலிம்பிக் சாம்பியன் ரெம்கோ எவனபூலையும் அதே அணி எடுத்தது. ஒரு வீட்டில் மூன்று தலைவர்கள். காற்றில் முன்னால் நின்று காப்பாற்ற ஆறேழு ஆட்கள் இல்லாமல் இன்றைக்கு எந்தச் சாம்பியனும் மூன்று வாரம் ஜெயிப்பது கஷ்டம். அந்த ஆட்களை அணி யாருக்குக் கொடுக்கும் என்று ரோக்லிச்சுக்கே தெரியும்.

இன்னொன்று, பழைய டூர் சாம்பியன் கிறிஸ் ஃப்ரூமை இந்த விவாதத்தில் இழுக்காதீர்கள். டீக்கடையில் தம்பி இழுத்தார். 2019-இல் ஒரு பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்க்கப் போனபோது சுவரில் மோதித் தொடை எலும்பு உடைந்ததோடு அவர் காலம் முடிந்தது. அப்போது வயது 34. முதுமைக்கு அவர் சாட்சி ஆக மாட்டார்.

இனி மூன்று வாரப் பந்தயம் ஒன்றில் ரோக்லிச் தொடங்கினால், பெரிய மலைக் கட்டத்தின் முடிவைப் பார்க்க நம்ம நேரம் ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருப்பதோடு நிற்க வேண்டாம். இரண்டாம் ஓய்வு நாளுக்கு மறுநாள் கட்டத்தை, வழக்கமாக அது 16-வது, முதல் ஒரு மணி நேரத்திலிருந்தே பாருங்கள். ஒரு நாள் சும்மா இருந்த உடம்பு மறுபடி கிளம்ப மறுக்கும் நாள் அது. 2022 வுயெல்டாவில் அவர் விழுந்து பந்தயம் போனதும் 16-வது கட்டம், 2025 ஜிரோவை விட்டதும் 16-வது கட்டம், இரண்டுமே ஓய்வு நாளுக்கு மறுநாள். அன்று முதல் ஏற்றத்தில் அவர் கூட்டத்தின் முன் இருபது பேருக்குள் இருந்தால், குமுளி நண்பருக்கு ஃபோன் போட்டு யானை எழுந்துவிட்டது என்று சொல்லுங்கள். ஐம்பதாவது ஆளாக, பின்னால் சக்கரங்களை எண்ணிக்கொண்டு வந்தால் தம்பி ஜெயித்தார். போடிமெட்டில் அடுத்த டீ என் கணக்கு.